மூச்சுக் காவலர்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

"மேற்படிப்பும் நம் சமுதாயமும்" என்னும் பொதுத் தலைப்பில் ஏதேனும் ஒரு துறையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்தனர். ஆட்சிப் பணியைப் பற்றியும் சட்டக் கல்வியைப் பற்றியும் எனக்கு முன்னர்ப் பேசியோர் சிறப்புறக் கூறினர். நான் எடுத்துக்கொண்ட துறை, இவ்வவையில் பலரும் பெயரளவில்கூட அறியாத ஒன்று. அறுவை மருத்துவத்திற்கு முன்னும், அறுவை நிகழும்போதும், அதற்குப் பின்னும் நோயாளியைக் காக்கும் மருத்துவர்க்குரிய பட்ட மேற்படிப்பே அது. மயக்கவியல் என்பது அதன் பெயர். ஊரார் "மயக்க மருந்து டாக்டர்" என்று சொல்லுவர். நான் மருத்துவன் அல்லேன், பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியன். எனினும் இத்துறையைப் பற்றிப் பேச எனக்குக் காரணம் உண்டு.

நான் ஏழாம் வகுப்பில் பயின்ற காலம். கொள்ளிடத்திற்கு வடகரையில் எங்கள் சேரி. என் தமக்கைக்குத் தலைப்பிரசவம். ஒரு பகலும் ஓர் இரவும் நோவு கண்டும் பிள்ளை பிறக்கவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே அறுவை மருத்துவர் இருந்தார். அறுவைக் கூடமும் இருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் அன்று இல்லை. "பெரிய ஆசுபத்திரிக்குப் போங்கள்" என்றனர். வாடகை வண்டிக்குப் பணம் தேடிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தமக்கை பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. "எல்லாம் தலையெழுத்து" என்று என் தாயார் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆசிரியனான பிறகே எனக்கு அதன் பொருள் விளங்கியது. அன்று இல்லாமற் போனது ஒரே ஒரு மருத்துவர். என் தமக்கையார் இதோ இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் ஒப்புதலோடுதான் இதனைக் கூறுகிறேன்.

மருத்துவர் இல்லாமையால் நாம் இழந்தவை ஒருபுறம். மருத்துவர் இருந்தும் தொட மறுத்தமையால் நாம் இழந்தவை மற்றொருபுறம். அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் கண்டவற்றை எழுதிய "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்னும் சிறு நூலில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் காட்டுகிறார். 1929ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் "யங் இந்தியா" இதழில் வெளிவந்த கடிதம் அது. எழுதியவர் கத்தியவார் நாட்டில் ஆசிரியராக இருந்த தீண்டப்படாதார் ஒருவர். பிள்ளை பெற்ற அவர் மனைவி நோயுற்றார். சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் செய்தார். காய்ச்சல் அளக்கும் கண்ணாடிக் குழலைக்கூட அவர் நேரே கொடுக்கவில்லை. இசுலாமியர் ஒருவர் கையில் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அவ்வாறே குழல் திரும்பிச் சென்றது. விளக்கொளியில் அதனைப் பார்த்த மருத்துவர், நிமோனியா என்று சொல்லிப் போனார். அப்பெண் இறந்தார். ஓர் ஆசிரியர் எழுதிய கடிதம் என்பதால் அதனை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு மிகவும் வருந்தும்.

மாணவச் செல்வங்களே, அந்தக் கண்ணாடிக் குழலை நினைவிற் கொள்ளுங்கள். மருத்துவத் துறைகள் பலவற்றுள், நோயாளியின் தலைமாட்டில் நின்று, தாடையைத் தன் கையால் தாங்கி, அவர் மூச்சைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும் துறை மயக்கவியலே. அங்கே தொடாமல் வைத்தியம் பார்க்க இயலாது. நம் வீட்டுப் பிள்ளை அந்த இடத்தில் நிற்பது என்பது வேலைவாய்ப்பிற்கு மேற்பட்ட செய்தி என்பதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் கூடியிருக்கும் இத்திருச்சிராப்பள்ளியும், ஆற்றுக்கு அப்பாலுள்ள திருவரங்கமும் இச்செய்திக்குப் புதியன அல்ல. உறையூரில் பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்றும், தீவுக்குள் கால் வைக்க அஞ்சினார் என்றும், கல்லெறிந்த முனிவரே பின்னர் அவரைத் தோளில் சுமந்து சென்றார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. அத்திருவரங்கக் கோயிலில் தன்வந்திரிக்குச் சந்நிதி உண்டு. அங்கே ஓர் ஆரோக்கியசாலை இருந்ததை 1493ஆம் ஆண்டிற்குரிய கல்வெட்டு ஒன்று கூறுகிறது. தமிழகத்தில் மருத்துவச்சாலைகள் பழமையானவை. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகளையும், மருத்துவர் ஒருவரையும், அறுவை செய்வார் ஒருவரையும் குறிப்பிடுகிறது. அக்காலத்தே அறுவை செய்வார் இருந்தார். ஆனால் வலியை அறவே நீக்கி, உயிரையும் காக்கும் கலை உலகில் எங்குமே அன்று வளர்ந்திருக்கவில்லை.

அக்கலை பிறந்து இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆகவில்லை. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாசுடன் நகரில், மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியை மூச்சின் வழியே செலுத்தி நோயாளியை உறங்கச் செய்தார். கழுத்துக் கட்டியை வாரன் என்னும் அறுவை மருத்துவர் அகற்றினார். அதற்கு முன்னர் நோயாளியைப் பலர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் அலறலுக்கிடையே அறுவை செய்வர். ஐந்து திங்களே கழிந்த நிலையில், 1847 மார்ச் 22இல், கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. 1847இலேயே எடின்பரோவின் சிம்சன் குளோரோபாரத்தை மயக்கத்திற்குப் பயன்படுத்தினார். 1898இல் செருமானியர் பியர், முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்பிற்குக் கீழே மட்டும் உணர்விழக்கச் செய்தார். இன்று பேறுகால அறுவையில் நம் பெண்கள் "முதுகு ஊசி" என்று சொல்லும் முறைக்கு மூலம் அதுவே. 1942இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தசைகளைத் தளர்த்தும் மருந்து இத்துறையில் புகுந்தது. தசை தளர்ந்தால் மூச்சு விடும் தசையும் தளரும். ஆகவே நோயாளியின் மூச்சு முழுவதும் மருத்துவரின் கைக்கு மாறியது. பிராணவாயு சில நிமிடங்கள் தடைப்பட்டால் மூளை மீளாத கேட்டினை அடையும். அச்சில நிமிடங்களைக் காப்பவரே மயக்கவியலார்.

1952இல் டென்மார்க்கின் கோபன்கேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிள்ளைகள் மாண்டனர். இப்சன் என்னும் மயக்கவியலார், அறுவைக் கூடத்தில் தாம் செய்யும் வழக்கத்தையே வார்டுக்குக் கொண்டு வந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தச் செய்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் பை அமுக்கி உயிர்களைக் காத்தனர். இன்று "ஐ.சி.யூ." என்று நாம் சொல்லும் தீவிர சிகிச்சைப் பிரிவு அவ்வழியே பிறந்தது. 2020இல் கொரோனா பரவியபோது, மூச்சுக்குழாய் பொருத்த முன்வரிசையில் நின்றோரும் இத்துறையினரே.

இனி, அவர் செய்யும் பணியாது என்று காண்போம். என் பள்ளியில் பயின்று, இன்று அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இத்துறையின் மூன்றாம் ஆண்டில் உள்ள மாணவி ஒருத்தி எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். அவள் தந்தையார் சித்தாள் வேலை பார்ப்பவர். அவள் சொன்னது இது: "ஐயா, ஊசி போட்டுத் தூங்க வைப்பது எங்கள் வேலையில் சிறு பகுதி. எழுப்பி வீட்டுக்கு அனுப்புவதுதான் வேலை."

அறுவைக்கு முன்னரே பணி தொடங்கிவிடுகிறது. நோயாளிக்கு நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உண்டா, முன்னர் அறுவை நடந்ததா, எந்த மருந்து ஒவ்வாது, வாய் எவ்வளவு திறக்கிறது, ஆடும் பல் உண்டா என்று ஆராய்கிறார். இரத்தச் சோகை இருந்தால் அதனைச் சீர் செய்யச் சொல்கிறார். அறுவையை இன்று செய்யலாமா, தள்ளி வைக்கலாமா என்று அறுவை மருத்துவரோடு கலந்து முடிவு செய்கிறார். அறுவையின்போது நாடி, இரத்த அழுத்தம், பிராணவாயு, வெளிவிடும் கரியமில வாயு ஆகியவற்றை ஒரு கணமும் கண் எடுக்காமல் பார்க்கிறார். இழந்த இரத்தத்தைக் கணக்கிடுகிறார். அறுவைக்குப் பின்னர் வலி, வாந்தி, மூச்சு, சிறுநீர் அனைத்தையும் கவனிக்கிறார். வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்வார் என நான்காகப் பகுத்தார். மயக்கவியலார் மருத்துவராகவும், அருகிருந்து பணி செய்வாராகவும் ஒரே நேரத்தில் நிற்கிறார் என்பது என் கருத்து.

இதில் நம் வீடுகள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அறுவைக்கு முன் பட்டினி இருக்கச் சொல்வது வெறும் சடங்கு அன்று. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே கேடு. இட்லி, பால் போன்ற எளிய உணவிற்குக்கூடக் குறைந்தது ஆறு மணி நேரமும், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. மருத்துவர் தனித்துச் சொன்னால் அதுவே முடிவு. "பசியோடு கிடக்கிறானே" என்று இரக்கப்பட்டு ஒரு வாய் காப்பியை மறைத்துக் கொடுப்பது அன்பாகாது. அவ்வாறே பீடி, சாராயம், நாட்டு மருந்து ஆகிய பழக்கங்களை மானத்திற்கு அஞ்சி மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் அவர் மருந்தின் அளவை மாற்றுவார். மறைத்தால் அவர் கண்ணைக் கட்டி நடக்கச் சொன்னது போலாகும்.

அடுத்துப் பயிற்சி. எம்.பி.பி.எஸ். படிப்பு, உள்ளகப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன்மேல் எம்.டி. மயக்கவியல் மூன்று ஆண்டுகள். முதலாண்டில் உடலியலும் மருந்தியலும் கருவிகளும். மூத்தோர் அருகில் நிற்க, மூச்சுக்குழாய் பொருத்தவும் முதுகு ஊசியிடவும் கைப்பழக்கம். பின்னர் மகப்பேறு, குழந்தை, எலும்பு முறிவு, மூளை, இதயம் எனப் பிரிவு பிரிவாகப் பணி. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி. வலி நீக்கப் பிரிவில் பணி. செய்த ஒவ்வொன்றையும் ஏட்டில் பதிவு செய்ய வேண்டும். ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டு முதல் சேர்ந்த மாணவர்கள் மூன்று திங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றுவதும் விதியாகியுள்ளது. அதன்மேல் இதய மயக்கவியல், குழந்தை மயக்கவியல், தீவிர சிகிச்சை எனும் உயர் படிப்புகளும் உண்டு.

இப்பயிற்சியில் ஒழுங்கிற்குத் தரும் மதிப்பு என்னை மிகவும் கவர்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் அறுவைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் தருமுன், கத்தி வைக்குமுன், கூடத்தை விட்டு நீங்குமுன் என மூன்று இடங்களில் அனைவரும் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் இதனை ஆராய்ந்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது என்று 2009இல் அறிவித்தனர். தேர்வு எழுதுமுன் பதிவெண்ணைச் சரிபார் என்று நான் நாளும் சொல்லும்போது சிரிக்கும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!

மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும். விரலில் மாட்டிப் பிராணவாயு அளவைக் காட்டும் கருவியைக் கொரோனா காலத்தில் நீங்கள் கண்டிருப்பீர்கள். சப்பானியர் அயோயாகி 1974இல் அதன் நெறியை அறிவித்தார். தோலின் வழியே ஒளி பாய்ச்சி அளப்பது அது. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, வெள்ளையரைவிடக் கறுப்பர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக அக்கருவி பிராணவாயுக் குறைவைக் காட்டத் தவறியது என்று கண்டது. கருவிக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது என்று நாம் எண்ணுகிறோம். கருவியைச் செய்து சோதிக்கும் இடத்தில் எல்லா நிறத்தாரும் இல்லையெனில் பிழை நேர்கிறது. அவ்விடங்களில் நம்மவர் இருக்க வேண்டிய தேவையை இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

"அறுவை செய்பவரல்லவா பெரிய டாக்டர்? மயக்க மருந்து டாக்டரின் பெயர்கூட யாருக்கும் தெரியாதே" என்று என் மாணவியை அவள் உறவினர் கேட்டனராம். கண் விழித்த நோயாளி அறுவை மருத்துவரையே கையெடுத்துக் கும்பிடுகிறார் என்பது உண்மை. பெயர் தெரியாமல் உழைப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஆனால் அதனை மாற்றுவதும் நம் கடமை. அமெரிக்காவில் விவியன் தாமசு என்னும் கறுப்பர் ஒருவர் இருந்தார். கல்லூரிக்குச் சேர்த்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் பணியாளராகச் சேர்ந்தார். இதயக் கோளாற்றால் உடல் நீலம் பாரித்த குழந்தையைக் காக்கும் அறுவை முறையை நாய்களிடத்துச் செய்து தேர்ந்தார். 1944 நவம்பர் 29இல் சான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் அவ்வறுவை முதன்முதல் நிகழ்ந்தபோது, அறுவை மருத்துவர் பிளேலாக்கின் பின்னால் நின்று ஒவ்வொரு படியிலும் வழி சொன்னார். அவர்க்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிடைத்ததோ 1976இல்! நம் பிள்ளைகள் பின்னால் நின்று வழி சொல்லும் நிலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருத்தல் ஆகாது. பட்டமும் பெற வேண்டும். பதவியும் பெற வேண்டும்.

அதற்கு வழி உண்டா? உண்டு. இந்நகரிலேயே 1997இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப் பெற்று, முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் சங்கத்தைவிட அது சில ஆண்டுகளே மூத்தது. தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடங்கள். அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. பட்ட மேற்படிப்பில் அனைத்திந்திய ஒதுக்கீட்டு இடங்களில் நெடுங்காலம் நமக்கு இடம் இல்லாதிருந்தது. 2007இல்தான் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் கிடைத்தன. அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்க்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு வழங்கும் மாநிலத்தின் உரிமையை 2020இல் அந்நீதிமன்றமே உறுதி செய்தது. எனவே எம்.பி.பி.எஸ். முடித்து அரசுப் பணியிற் சேர்வதும் மேற்படிப்பிற்கு ஒரு படிக்கட்டே. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. என் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர்க்கு அஃது ஒரு புதிய கடமையை ஏற்றியது.

இடர்களையும் மறைக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவை 2017இல் நாம் இழந்தோம். அத்துயரம் இன்னும் ஆறவில்லை. மாணவச் செல்வங்களே, எந்தத் தேர்வும் உங்கள் உயிருக்கு ஈடாகாது. மனம் சோர்ந்த நாளில் வாய் திறந்து எங்களிடம் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் எங்கள் கதவு திறந்திருக்கும். கல்லூரிக்குள் நுழைந்த பின்னும் போராட்டம் முடிவதில்லை. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு நேர்ந்த பாகுபாட்டைத் தோராட் குழு 2007இல் பதிவு செய்தது. அத்தகைய நிலை வந்தால் தனித்து நின்று பொறுக்காதீர்கள். நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள், முறையிடுங்கள், சங்கத்திற்குத் தெரிவியுங்கள்.

சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, எட்டாம் வகுப்பு முதலே அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து மாலை வகுப்பு நடத்துதல் வேண்டும். இரண்டாவது, எம்.பி.பி.எஸ். முடித்தவர் மேற்படிப்பு நுழைவுத் தேர்விற்குப் படிக்கும் ஓராண்டில் வீட்டுச் சுமை அவரை அழுத்துகிறது. "டாக்டராகிவிட்டாயே, இன்னும் சம்பாதிக்கவில்லையா" என்னும் கேள்வியே பலரை நிறுத்திவிடுகிறது. அவ்வோராண்டிற்கென உதவி நிதி ஒன்றை இவ்வெள்ளி விழா நினைவாகத் தொடங்குதல் வேண்டும். மூன்றாவது, மருத்துவரான நம் பிள்ளைகள் ஆண்டிற்கு ஒரு முறையேனும் நம் தெருக்களுக்கு வந்து, அறுவைக்கு முன் செய்ய வேண்டுவன யாவை என்று தாய்மார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

திருவரங்கத்திலும் இலால்குடியிலும் முசிறியிலும் துறையூரிலும் மணப்பாறையிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. அவற்றுள் எங்கேனும் ஒரு நள்ளிரவில், நோவு கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்து நிற்கும். அவள் எந்தத் தெருவினள் என்று கேளாமல், "நான் இருக்கிறேன், அஞ்சாதே அம்மா" என்று சொல்லி அவள் தலைமாட்டில் நிற்பவர் நம் பிள்ளையாக இருக்கட்டும். அன்று என் தமக்கையார்க்குக் கிட்டாத அந்த ஒருவர் இவ்வவையில் அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவராக இருக்கட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.